மூன்று லட்சம் கேள்விகள்

பூட்டிய கோப்புறைகளில் வேலை செய்யும்போது மட்டும் கணினி ஏன் தள்ளாடுகிறது என்று கண்டுபிடிக்கும் பொறுப்பு அவள் தலையில் விழுந்து ஒன்பது நாள் ஆகியிருந்தது. இயங்குதளத்தின் அடிமடியான கெர்னலில் கை வைக்கிற வேலை. "அங்க போய் என்னதான்டி பண்றே?" என்று அக்கா கேட்டால், "கம்ப்யூட்டரோட ஞாபகசக்தியைப் பார்த்துக்கறேன்" என்பாள்.

அது பொய்யும் இல்லை. ஒரு கோப்பின் பெயரை ஒருமுறை தேடிவிட்டால் கெர்னல் அதை நினைவில் வைத்துக்கொள்ளும். ஆனால் பூட்டிய கோப்புறையில், சாவியான ரகசியக் குறியீட்டைக் கொடுக்கும்வரை பெயர்கள் வெறும் கிறுக்கல்கள். சாவி கொடுத்தபின் அந்தக் கிறுக்கல்கள் செல்லாது. ஆகவே நினைவிலிருந்து எந்தப் பெயரை எடுத்தாலும், "இது இன்னும் செல்லுமா?" என்று ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் நகரும்.

எத்தனை முறை கேட்கிறது என்று அன்று காலை எண்ணவைத்தாள். சாவி கொடுத்துத் திறந்த கோப்புறையில் பதினோரு நொடி ஓடுகிற ஒரு வேலைதான். வந்த எண்ணை விரல் வைத்துப் படித்தாள். மூன்று லட்சத்து நாற்பதாயிரம். அத்தனைக்கும் ஒரே பதில்: செல்லும்.

"அம்மாடி!" என்றாள் வாய்விட்டு.

அந்தக் கேள்வியையே நிரலிலிருந்து வெட்டி எறிந்தாள். வேகம் பிய்த்துக்கொண்டு போனது. மதியத்துக்குள் சோதனைப் பிரிவுக்காரர் வந்து நின்றார். எதையும் விடாமல் நோண்டுவதால் அவருக்குக் குடைச்சல் என்றே பெயர்.

"சாவி குடுத்துட்டேன்மா. பழைய கிறுக்கல் பேரைச் சொன்னா இன்னும் கதவு திறக்குது."

அவளுக்கு முகம் சுண்டிப்போனது. மறுபடி உட்கார்ந்து நிரலைப் படித்தாள். சாவி இருக்கும்போது நினைவில் ஏறிய பெயர் கெடவே கெடாது. சாவியைத் திரும்ப எடுத்தால், அந்த நினைவை கெர்னல் எப்படியும் துடைத்துவிடுகிறது. அப்படியானால் கிறுக்கல்களைப் பற்றி மட்டும் கேட்டால் போதுமே! பெயர் நினைவில் ஏறும்போதே, இதைப் பற்றிப் பிறகு கேட்கவேண்டுமா வேண்டாமா என்று முடிவு செய்துவிடலாம்.

ஆறு வரி மாற்றினாள். பூட்டிய நிலையில் ஏழு பெயர்களைத் தேடி, சாவி கொடுத்து, அதே வேலையை ஓடவிட்டார் குடைச்சல். ஏழு கிறுக்கல்களும் செல்லாமல் போயின. கேள்விகளின் எண்ணிக்கை: ஏழு.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "இத்தனை வருஷமா லட்சம் லட்சமா கேட்டுக்கிட்டே இருந்திருக்கு. ஒருத்தர் காதுலயும் விழலியே!"

கண் இமைக்கும் நேரத்தில் ஆயிரமாயிரம் முறை, அலுக்காமல், ஒன்றைக்கூட விடாமல் கேட்ட அந்தப் பொறுமையை நினைக்க நினைக்க அவளுக்கு உடம்பு சிலிர்த்தது. ஆறு வரி மாற்றத்துக்கு நாற்பது வரி விளக்கம் எழுதி, கெர்னலைப் பராமரிப்பவர்களுக்கு அனுப்பினாள்.