ஆணியில் தொங்கும் வெள்ளைச் சட்டை

கிருஷ்ணப்பா கடைசியாகத் தேய்த்தது மேயர் வேதாச்சலத்தின் வெள்ளைச் சட்டையை. மழை வலுத்ததால் பிளாஸ்டிக் கவர் போட்டு, ஹேங்கரோடு வீட்டுக்குக் கொண்டுவந்து, சாமி படத்துக்குப் பக்கத்து ஆணியில் மாட்டினான்.

"காலரைப் பாரும்மே. கத்தி மாதிரி நிக்குது."

"எனக்கு ஒரு புடவை தேய்ச்சிருக்கியாய்யா இத்தினி வருசத்துல?" என்றாள் மனைவி வெங்கடலட்சுமி.

"நீயும் மேயராயிடு. தேய்ச்சித் தரேன்."

"வாய் மட்டும் கொறையல. சோறு ஆறிக்கினு இருக்குது, துன்னுட்டுப் போ."

தேய்க்க வந்த கல்யாண வீட்டுப் பட்டுப்புடவைகள் இஸ்திரிக் கடையிலேயே இருந்தன. எடுத்துக்கினு வந்து துன்றேன் என்று போனவன்தான்.

ஏரிக் கால்வாயின் மேல் சிமெண்டுப் பலகை பரப்பி வரிசையாகப் போட்ட தகரக் கடைகளில் ஒன்று அவனுடையது. புத்தலப்பட்டுப் பக்கம் சொந்த நிலமில்லாமல் கூலிக்குப் போய்க்கொண்டிருந்த குடும்பங்களை நகரத்துக்கு அழைத்துவந்து குடிவைத்தவர் வேதாச்சலம். வீட்டுமனை, குழாய், தெருவிளக்கு எல்லாம் அவர் காலத்தில் வந்தவை. கால்வாயை மூடினால் பெருமழைக்குத் தாங்காது என்று இஞ்சினியர் சொன்னபோது, "என் ஜனம் எங்க போய்ப் பொழைக்கும்?" என்று மேடையில் கேட்டவரும் அவர்தான். அன்று கைதட்டிய கூட்டத்தில் கிருஷ்ணப்பா இருந்தான், வெங்கடலட்சுமியும் இருந்தாள். கடைகளில் பாதி மேயரின் மச்சான் கைக்குப் போனது பிறகுதான் தெரிந்தது.

அவன் புடவை எடுக்கப் போன அன்று வெள்ளம் பலகைகளைப் பிளந்து கடைகளை இழுத்துக்கொண்டு போனது. மறுநாள் கோரைப்புதரில் உடல் கிடைத்தது.

மேயர் வந்தார். காலனியில் எந்தச் சாவென்றாலும் வந்துவிடுவார். செருப்பைக் கழற்றி, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு, பாடையின் முன்பக்கம் தோள் கொடுப்பார். அவர் தோள் படாமல் அங்கே ஒரு பிணமும் போனதில்லை. அன்றும் குனிந்தார். வெங்கடலட்சுமி எழுந்தாள்.

"நீங்க தோள் குடுக்க வாணாம், அண்ணா."

மேளம் நின்றது. கொழுந்தன் ரங்கன் பதறினான். "இன்னா அண்ணி பேசற? பெரிய மனுசரு..."

"பெரிய மனுசருதான், யாரு இல்லன்னது? வீடு குடுத்தாரு. கடை குடுத்தாரு. அந்தக் கடையிலயே உங்க அண்ணன் போயிட்டாரு. இது ஒண்ணு வாணாம்."

"சரிம்மா" என்றார் மேயர். பின்வரிசைக்குப் போனார்.

பெண்கள் தெருமுனையோடு நிற்க வேண்டும். அங்கிருந்து அவள் பார்த்தாள். உடைந்த கால்வாயைத் தாண்டும்போது தூக்கியவர்களுக்குக் கால் வழுக்கியது, பாடை சரிந்தது. மேயர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, இரண்டு கைகளாலும் அடியிலிருந்து தாங்கினார். அக்கரை சேர்ந்ததும் கையை எடுத்துக்கொண்டார். தோளில் வாங்கவில்லை. அவளால் வேண்டாமென்று கத்தவும் முடியவில்லை, கும்பிடவும் முடியவில்லை.

சுடுகாடு போய்த் திரும்பிய மேயர், சேறு வழியும் சட்டையோடு வாசலுக்கு வெளியே நின்றார். மகள் ரூபா காதருகே கேட்டாள்.

"அம்மா, அவரு சட்டை நம்மகிட்டதான கீது. குடுத்துடட்டுமா?"

"இருக்கட்டும்."

திறந்த கதவு வழியாக மேயர் ஆணியில் தொங்கிய தன் சட்டையைப் பார்த்தார். அதைக் கேட்காமலே நடந்தார்.

இந்தக் கோடையில் அவரும் செத்தார். டீக்கடையில் பாதிப்பேர் தெய்வம் என்றார்கள், பாதிப்பேர் திருடன் என்றார்கள். ஊர்வலம் கிளம்புவதற்குள் கைகலப்பும் ஆனது. ரங்கன் வந்து கூப்பிட்டான்.

"காலனியே போய்க்கினு இருக்குது அண்ணி. நீ வர்லியா?"

அவள் உள்ளே போனாள். சட்டையை எடுத்தாள். கவரின் மேலிருந்த தூசியை முந்தானையால் துடைத்து, கையில் ஏந்திக்கொண்டு வாசற்படிக்கு வந்தாள். மேயர் உடம்பின்மேல் போர்த்தத்தான் போகிறாள் என்று ரங்கன் வழிவிட்டான். மேளம் நெருங்கியது. மாலைகள் குவிந்த வண்டி வாசலைக் கடந்தது. அவள் படியிறங்கவில்லை. மேளச்சத்தம் கால்வாய்ப் பக்கம் போய்த் தேய்ந்த பிறகு, உள்ளே திரும்பி அதே ஆணியில் மாட்டினாள்.

கவருக்குள் காலர் இன்னும் கத்தி மாதிரி நிற்கிறது.