ஐம்பத்தேழாவது காட்சி

வெற்றிவேல் தன் முதல் திரைக்கதையை வெள்ளிக்கிழமை காலை முடித்தான். கையால் எழுதிய இருநூறு பக்கம். டைப் செய்து கட்டிக்கொடுக்கச் சொல்லி, செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் சுமலதாவிடம் கொடுத்தான். திங்கட்கிழமை சென்னைக்குக் கொண்டுவரச் சொல்லி இயக்குநர் கேட்டிருந்தார்.

கல்குவாரி வெடியில் செத்துப்போன அமிர்தசாமியின் கதை அது. அவர் அங்கே வேலையே செய்யவில்லை, ஆடு தேடி வந்தவர் என்று முதலாளி போலீசில் எழுதிக்கொடுத்திருந்தார். உண்மையை வெற்றிவேலிடம் சொன்னவர் சாமுவேல். அன்றைக்குத் திரி கொளுத்தியவரும் அவர்தான். லாரிகள் காத்து நிற்கின்றன, ஆட்களை எச்சரித்து விசில் ஊதவெல்லாம் நேரமில்லை என்றார் முதலாளி. கீழே அமிர்தசாமி கல் உடைத்துக்கொண்டிருந்தார்.

முதல் பிரதியை நிஜப் பெயர்களில் எழுதுவது வெற்றிவேலின் வழக்கம். பெயர் மாறினால் அவனுக்கு வசனம் வராது. இரண்டாம் பிரதியில் மாற்றிக்கொள்ளலாம் என்றிருந்தான். சுமலதாவின் கணவன் அந்தக் குவாரியில்தான் டிப்பர் ஓட்டுகிறான் என்பது அவனுக்குத் தெரியும். கொடுக்கும்போது நினைவுக்கு வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, கோட்டைக்குப் போகும் வேன்கள் தெருவை அடைத்துக்கொண்டு நின்ற நேரத்தில் சாமுவேல் அவன் வீட்டுக்கு வந்தார். கையில் ஸ்பைரல் போட்ட கட்டு.

"படம் எப்ப ரிலீசு, தம்பி?"

வெற்றிவேல் கட்டைப் பார்த்தான். அவன் கைக்கே இன்னும் வராத பிரதி.

"சுமலதா புருசன் மொதலாளிகிட்ட கொண்டாந்து குடுத்தானாம். மொதலாளி என்னை உக்கார வச்சு, என்னையே படிக்கச் சொன்னாரு. 'சாமுவேல் கண் கலங்குகிறான்'னு எழுதிக்கிற. நான் எப்படா கலங்குனேன்?"

"அண்ணே, பேரெல்லாம் மாத்திடுவேன்..."

"இனிமே இன்னாத்த மாத்துவ? கேஸ் வந்தா, விசில் ஊதாம கொளுத்துனது சாமுவேல்தான்னு சொல்லிடுவாராம். மூணு பொண்ண வச்சிக்கினு நான் உள்ள போவணும்."

முதலாளி கேட்டது ஒன்றுதான். வெடி வெடிக்கும் ஐம்பத்தேழாவது காட்சியை, போலீசில் எழுதிக்கொடுத்தபடியே வெற்றிவேல் தன் கையெழுத்தில் மாற்றி எழுதித் தர வேண்டும். மாலைக்குள் சாமுவேல் அதைக் கொண்டுபோக வேண்டும்.

"படமே அந்த சீன்தாண்ணே."

"அப்ப நான் ஜெயிலுக்குப் போறேன். நீ போயி படம் எடு."

வெற்றிவேல் தாளை எடுத்தான். சாமுவேல் எதிரே உட்கார்ந்து சொல்லத் தொடங்கினார்.

"அமிர்தசாமி ஆட்டத் தேடிக்கினு வராரு. நான் மேலேர்ந்து கத்துறேன். அவருக்குக் கேக்கல."

"அவருக்குக் காது நல்லாத்தானே கேக்கும்?"

"எழுதுடா."

எழுதினான். மேலே ஒருவன் இரண்டு கைகளையும் வீசிக் கத்துகிறான். கீழே ஒருவர் வேறு பக்கம் பார்த்தபடி, ஆட்டைக் கூப்பிட்டுக்கொண்டே நடக்கிறார். அவர் குரலே அவருக்கு மேலிருந்து வரும் குரலை மறைத்துவிடுகிறது. முன்பு எழுதியதைவிட இது நன்றாக வருகிறது என்று அவனுக்குத் தெரிந்தது. பேனா நிற்கவில்லை.

"ஆட்ட இன்னான்னு கூப்புடுவாருண்ணே?" என்று குனிந்தபடியே கேட்டான்.

நிமிர்ந்தபோது சாமுவேல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவரு ஆடே வளக்கல, தம்பி" என்று சொல்லிவிட்டுத் தாளுக்குக் கையை நீட்டினார்.