இசக்கியை மீட்டது

எங்கள் ஊர்க் கால்பந்து கிளப்புக்குப் பணமுடை வந்தால் ஆட்டக்காரர்களை அடகு வைப்பார்கள். வீட்டில் வளையலையும் சங்கிலியையும் வைப்பது போலத்தான். பெரிய பஜாரில் வேலம்மாளின் கடை இருக்கிறது. ஆளைக் கொண்டுபோனால் முதலில் தராசில் நிறுத்துவார். தாயத்து, அரைஞாண், கைக்கயிறு எல்லாவற்றையும் கல் எடை கழிப்பது போலக் கழித்துவிடுவார். மீசையைக் கழிப்பதா வேண்டாமா என்று ஒருமுறை தகராறு வந்தது. கழிக்க வேண்டும் என்று முடிவானது. பிறகு குதிகாலை உரைகல்லில் ஒரு இழுப்பு இழுத்து, விழுந்த கோட்டை வெளிச்சத்தில் பார்த்து மாற்று சொல்வார். ரோஸ் தாளில் சுற்றி, துணிப்பையில் போட்டு, பெட்டகத்தின் கீழ்த்தட்டில் வைத்துப் பூட்டுவார்.

பெட்டகத்துக்குள் பசி கிடையாது, வயதும் ஏறாது. முழங்கால் தேய்ந்த சிலர் தாங்களாகவே கேட்டுப் போவதுண்டு.

தவணைக்குள் மீட்காவிட்டால் ஆள் மூழ்கிவிடுவார். மூழ்கியவரை உருக்கிப் புதிதாகச் செய்வார்கள். இரண்டு வருடத்துக்கு முன் கோல் காக்கிற ராயப்பன் என்ற கோலி மூழ்கினார். நல்ல கோலி என்று எல்லோரும் சொல்வார்கள். அவரை உருக்கி இரண்டு ஃபார்வர்டு பையன்களாகச் செய்து வேறு ஊர்க் கிளப்பில் வாங்கிக்கொண்டார்கள். அந்தக் கிளப் எங்கள் ஊருக்கு ஆட வந்தபோது, உயரமாக வந்த பந்தை அந்த இரண்டு பையன்களில் ஒருவன் மைதானத்தின் நடுவில் நின்று இரண்டு கையாலும் பிடித்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டான். நடுவர் விசில் ஊதினார். எங்கள் பக்கத்தில் எல்லோரும் எழுந்து நின்றோம். ராயப்பனின் தாயார் உட்கார்ந்தே இருந்தார்.

நான் உப்புக் கிட்டங்கியில் எடை சரிபார்க்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவன். உள்ளூரில் நடந்த எந்த ஆட்டத்தையும் விட்டதில்லை. மூலைக்கொடிக்குப் பின்னால் ஒரு பலகை போட்டு உட்காருவேன். யார் எத்தனை முறை பந்தை நிறுத்தினார்கள், எத்தனை முறை விட்டார்கள் என்பது என் கணக்கில் இருக்கும். சத்தம் போட்டதில்லை. நாலு பேர் முன்னால் பேசினால் என் குரல் என் காதுக்கே அதிகமாகக் கேட்கும். அதனால் பேசுவதில்லை.

சென்ற வருடம் செயலாளர் கஸ்பார், இசக்கியை அடகு வைத்தார். இசக்கி பின்வரிசையில் ஆடும் பேக். என் பக்கத்து வீடு. அந்தப் பணத்தில் கஸ்பார் வெளியூரிலிருந்து டெல்வின் என்ற ஃபார்வர்டை வாங்கிவந்தார். டெல்வின் முதல் மூன்று ஆட்டத்தில் கண் கூசும்படி மின்னினார். நான்காவது ஆட்டத்தில் மழை பெய்தது. தோளிலும் கெண்டைக்காலிலும் மேல்பூச்சு போய், உள்ளே செம்பு தெரிந்தது. கவரிங்.

"ஏல, அவரக் குடைக்குள்ள ஆடச் சொல்லு" என்று ஒருவர் கத்தினார்.

"புளி போட்டு வெளக்குங்க கஸ்பாரு, பளிச்சுன்னு வரும்" என்றார் இன்னொருவர்.

கஸ்பார் மைக்கைப் பிடித்து, "கொஞ்சம் பொறுங்கவே. வெயில் வந்தா மினுங்குவாரு" என்றார்.

அப்போது இதைப் பற்றி என்னிடம் ஒரு கருத்து இருந்தது.

இசக்கியின் தவணை ஒரு சனிக்கிழமை விளக்கு வைக்கும் நேரத்தோடு முடிந்தது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மேட்டுத்தெருக் கிளப்போடு இறுதி ஆட்டம். இசக்கியின் மனைவி மாரிக்கனி சனிக்கிழமை சாயங்காலம் என் வீட்டுக்கு வந்து, தன்னோடு கஸ்பாரிடம் வரும்படி கேட்டாள். போனோம். கஸ்பார் பந்துக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்.

"மூழ்குனா மூழ்கட்டும் தாயி. உருக்குனா ரெண்டு பொடியனுவ கெடைப்பானுவ. அதுல ஒருத்தன நாமளே வாங்கிக்கிடலாம். கிளப்புக்கு நட்டம் இல்ல" என்றார்.

"அதுல எந்தப் பொடியன நான் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவ?" என்று மாரிக்கனி கேட்டாள்.

கஸ்பார் யோசித்தார். நியாயமான கேள்விதான் என்றும், அதற்கு விதி எதுவும் இல்லை என்றும் சொல்லிவிட்டு மறுபடியும் காற்றடித்தார். வேண்டுமானால் இசக்கிக்குப் பதிலாக அடகு வைக்கக் கிளப் பொருள் எதையாவது எடுத்துப் போகலாம் என்றார். பழைய கோல் வலையையும் இரண்டு பந்துகளையும் எடுத்துக்கொண்டோம்.

வேலம்மாள் எங்களை உட்காரச் சொன்னார். மாரிக்கனி கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். வேலம்மாள் அதைத் தொடவில்லை.

"கிளப்பு வச்ச பொருளுக்குக் கிளப்பு பொருளத்தாம்மா அதே எடைக்கு மாத்தா வைக்கணும். இது உன் பொருளு. எடுத்துப் போடு" என்றார்.

வலையை நிறுத்தினார். வலையில் பெரும்பகுதி ஓட்டை என்பதால் முள் அசையவில்லை. பந்துகளில் காற்றைக் கழித்தால் மிச்சம் குறைவு. இசக்கியின் பையை மற்றத் தட்டில் வைத்திருந்தார். அது மேசையை விட்டு எழும்பவே இல்லை. பையின் வாயில் ஒரு கால்விரல் தெரிந்தது. மாரிக்கனி அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வேலம்மாள் என் பக்கம் திரும்பினார்.

"அண்ணாச்சி, கிளப்பப் பத்தி நீங்க என்னமும் நெனச்சு வச்சிருக்கியளா?"

"கொஞ்சம் இருக்கு" என்றேன்.

"வெளியில சொல்லியிருக்கியளா?"

"இல்ல."

"ஒருத்தர்ட்டகூட?"

"இல்ல."

அவர் விளக்கைப் பக்கத்தில் இழுத்தார். ரசிகர்களின் கருத்தும் கிளப்பைச் சேர்ந்த சொத்துதான் என்றார். ஆனால் அடகு வைக்கக் கொண்டுவந்தால் பெரும்பாலும் எடை நிற்காது. வாயால் சொன்னால் கருத்து தேய்ந்துவிடும். ஒவ்வொரு வாரமும் மைதானத்தில் கத்துகிறவர்கள் கொண்டுவந்ததெல்லாம் தாளைவிட மெலிந்திருக்கும், ஊதினால் பறக்கும்.

தலையைச் சாய்த்து, வலது காது பித்தளைத் தட்டுக்கு நேராக வரும்படி உட்காரச் சொன்னார். உட்கார்ந்தேன். கடலில் குளித்து வந்த பிறகு காதில் நின்ற தண்ணீர் இறங்குமே, அந்த மாதிரி ஒரு வெதுவெதுப்பு. தட்டில் ஏதோ விழுந்தது. நிமிர்ந்து பார்த்தேன். மழுங்காத நாலு முனையோடு ஒரு கல்லுப்பு போல இருந்தது.

விழுந்த பிறகு அது என்ன கருத்து என்று எனக்குத் தெரியவில்லை. வேலம்மாள் அடகுச் சீட்டில் எழுதிக்கொடுத்ததைப் பார்த்துத்தான் இங்கே சொல்கிறேன். முதல் கருத்து, இருட்டினால் யாரும் ஆடாத மைதானத்துக்கு விளக்குக் கம்பங்கள் வாங்கியது வீண் என்பது. இரண்டாவது, பின்வரிசையை அடகு வைத்து முன்வரிசை வாங்குகிற கிளப் கதவை விற்று ஜன்னல் வைக்கிறது என்பது. மூன்றாவது டெல்வினைப் பற்றியது. அவர் நல்ல செம்பு, பூச்சு பூசாமல் செம்பாகவே ஆட விட்டிருந்தால் உதவியிருப்பார் என்பது. நான்காவது கஸ்பாரின் சட்டைகளைப் பற்றியது. இப்படிப் பதினொன்று விழுந்தன. ஒவ்வொன்றையும் வேலம்மாள் உரைகல்லில் இழுத்துப் பார்த்தார்.

"தேயவே இல்லையே அண்ணாச்சி. எத்தன வருசச் சரக்கு?"

"பழசுதான்" என்றேன். மற்ற விவரம் எனக்கு அப்போது தெரியவில்லை.

இசக்கியின் தட்டு மெல்ல எழும்பியது. முள் நடுவுக்குக் கொஞ்சம் முன்னால் வந்து நின்றது. வேலம்மாள் காத்திருந்தார். தெருவில் விளக்கு வைக்க ஆரம்பித்திருந்தார்கள்.

"உள்ள இன்னும் ஒண்ணு இருக்கு. வரமாட்டேங்குது" என்றார்.

அது எது என்று எனக்குத் தெரியும். மற்றவை போன பிறகு அது மட்டும் பெரிய அறையில் ஒற்றை நாற்காலி போல இருந்தது. அதை வைத்துக்கொண்டால் இசக்கி இரண்டு பையன்களாகிவிடுவான். அந்தக் கருத்துக்கு உரிய ஆள் இருக்கமாட்டான். கொடுத்துவிட்டால் ஆள் இருப்பான்.

மாரிக்கனி என்னைப் பார்க்கவில்லை. முள்ளைத்தான் பார்த்தாள். "வலிக்குதுன்னா வேண்டாம் சித்தப்பா" என்றாள்.

நான் இடது காதில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினேன். விழுந்தது. மற்றவற்றைவிடச் சிறியது. முள் நடுவைத் தாண்டிச் சாய்ந்தது.

வேலம்மாள் அதை விளக்கில் பிடித்து வாசித்தார். "'இந்த ஊர் மண்ணுல நின்ன பேக்குகளில் இவனுக்கு மேல ஆளு கெடையாது.' இத நீங்க அவன்ட்ட ஒருநாளும் சொல்லலியா?"

"இல்லன்னு நெனைக்கேன்."

"சொல்லியிருந்தா எடை நின்னிருக்காது" என்றார். பிறகு சீட்டு எழுதினார். என் கருத்துகளுக்கும் ஒரு வருடத் தவணைதான். மூழ்கினால் உருக்கி, சின்னச் சின்ன அபிப்பிராயங்களாக வெளியூர்க்காரர்களுக்குக் கொடுப்பார்கள்.

பையைப் பிரித்ததும் இசக்கி எழுந்து நின்று கழுத்தைச் சொடுக்கினான். முழங்கையில் ரோஸ் தாள் ஒட்டியிருந்தது. மாரிக்கனி அதை உரித்து எடுத்தாள். அவன் தோளைத் தொட்டுப் பார்த்தாள். ஒரே ஆளாக இருக்கிறானா என்று பார்த்திருப்பாள்.

"நாளைக்கு மேட்டுத்தெருவோடயா?" என்று இசக்கி கேட்டான். "அவனுவ ஃபார்வர்ட எந்தப் பக்கம் ஒதுக்கணும் சித்தப்பா? நீங்க பாத்திருப்பியள்ளா?"

உயரமான ஒரு ஆள் எதிரில் நின்றான். எந்தப் பக்கம் என்பதும் தட்டில் விழுந்ததோடு போயிருந்தது.

"வீட்டுக்குப் போய்ச் சாப்பிடு" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை என் பலகையில் போய் உட்கார்ந்தேன். இருபத்திரண்டு பேர் ஓடினார்கள். பந்து ஒன்று. கணக்கு மட்டும் என்னிடம் இருந்தது. இசக்கி பதினான்கு முறை பந்தை நிறுத்தினான். ஒருமுறை தரையில் சறுக்கிப் போய், கோலுக்குள் போக இருந்த பந்தைக் குதிகாலால் வெளியே தள்ளினான். பக்கத்தில் இருந்தவரிடம் அது நல்லதா என்று கேட்டேன். மைதானத்தில் நான் ஒருவரிடம் வாய்திறந்தது அதுவே முதல் தடவை.

"ரொம்ப நல்லது அண்ணாச்சி" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. குறித்துக்கொண்டேன்.

இடைவேளையில் இரண்டு பக்கமும் கோல் இல்லை. கஸ்பார் மைக்கைப் பிடித்தார். விளக்குக் கம்பங்களின் பாக்கிக்காக இரண்டாம் பாதியை ஆத்தங்கரைக் கிளப்புக்குப் போன வாரமே விற்றாகிவிட்டது என்றும், வந்தவர்கள் இத்தோடு புறப்படலாம் என்றும் அறிவித்தார். மேட்டுத்தெரு ஆட்டக்காரர்கள் மீதி ஆட்டத்தை ஆத்தங்கரைக் கிளப்போடு ஆட வேனில் ஏறினார்கள். நடுவரும் ஏறிக்கொண்டார். இசக்கி பூட்ஸைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டான்.

கஸ்பார் என் பலகைக்கு வந்தார். "நல்ல வெலதான் அண்ணாச்சி. நீங்க என்ன சொல்லுதிய?"

"சரி" என்றேன்.

இரண்டாம் பாதிக்கு உரிய வெயிலும் விற்பனையில் சேர்த்தி. வேன் கிளம்பிப் பாலத்தைத் தாண்டியதும் மைதானம் இருட்டியது. பாக்கி நின்ற கம்பங்களுக்கு இன்னும் விளக்கு வந்திருக்கவில்லை. மணி நாலே முக்கால். மாரிக்கனி செல்போன் விளக்கைப் போட்டாள். கால் வைக்கும் இடம் பார்த்து மூன்று பேரும் வீட்டுக்கு நடந்தோம். ஆத்தங்கரைப் பக்கம் மட்டும் வானம் வெளிச்சமாக இருந்தது.