டாக்டர் கைகுலுக்கிய கை

திண்டிவனத்தில் கை முறிந்தவர்கள் இரண்டு வகை: டாக்டர் அரங்கநாதனோடு கைகுலுக்கிப் படத்தில் வந்தவர்கள், இனி வரப்போகிறவர்கள். வீட்டுக்கு அனுப்பும் நாளில் நோயாளியின் கையைப் பற்றிக் குலுக்குவார். அது ஃபேஸ்புக்கில் லைவாக ஓடும். மறுவாரம் விழுப்புரம் பைபாஸில் பேனராக நிற்கும். கை தேறிவிட்டதா என்பதற்கு அவருடைய ஆஸ்பத்திரியில் வேறு பரிசோதனை கிடையாது.

பிசியோதெரபிஸ்ட் கவிதா அன்று காலைதான் அதைப் பார்த்தாள். கோட்டக்குப்பம் தையல்காரர் சாதிக் பாட்சாவின் மாவுக்கட்டைப் பிரித்ததும் வலது மணிக்கட்டு தொப்பென்று தொங்கியது. மேல்கை எலும்பு முறிந்து வந்து படுத்த அன்றுகூட, அந்தக் கைதான் மகள் சமீராவுக்கு டாட்டா காட்டியது. ஆபரேஷன் நடந்தது அதற்கப்புறம்.

தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே, எலும்பின் பின்புறம், சாய்வாக ஒரு பள்ளம் ஓடும். அதில் எலும்போடு ஒட்டி ஒரு நரம்பு. மணிக்கட்டைத் தூக்கி நிறுத்துவது அதுதான். இப்போது அந்த இடத்தில் எட்டு ஸ்க்ரூ முடுக்கிய பிளேட்.

"சார், நரம்பு பிளேட்டுக்கடியில மாட்டிக்கினு இருக்குமோன்னு..."

"பள்ளம் எங்க இருக்குன்னு எனக்கே வழி சொல்றியாம்மா? ரெண்டாயிரம் கை பார்த்தவன் நான். கையைக் குடுங்க பாய்!"

"இருபது நாள்ல ஷார்ஜா போவணும் டாக்டர். கத்திரி புடிப்பேனுங்களா?"

"கத்திரி என்ன, சிங்கத்தையே புடிப்பீங்க!"

லைவுக்காக உதவியாளரின் செல்போன் உயர்ந்தது. டாக்டர் பற்றினார். பற்றிய பிடியில் எந்தக் கையும் நேராகத்தான் நிற்கும், பிணத்தின் கைகூட.

வேலை போனால் போகட்டும் என்று கவிதா வாயைத் திறந்தாள். "பாய், சமீரா லைவ்ல பார்த்துக்கினு இருக்கும். ஒரு டாட்டா காட்டுங்க."

டாக்டர் சிரித்தபடி பிடியை விட்டார். கை விழுந்தது.

சாதிக் மறுபடி முயன்றார். தோள் ஏறியது, முழங்கை ஏறியது. மணிக்கட்டு மட்டும் தரையையே பார்த்துக்கொண்டிருந்தது. செல்போன் திரையில் இதயங்கள் பறந்தவண்ணம் இருந்தன.

"அதை ஆஃப் பண்ணு," என்றார் டாக்டர். அவருக்கு இவ்வளவு சின்னக் குரல் உண்டென்று யாருக்கும் தெரியாது. "தியேட்டரை ரெடி பண்ணச் சொல்லு. திறந்து பார்க்கணும்."

நரம்பு நசுங்கியதா, அறுந்ததா? திறக்கும்வரை தெரியாது. கவிதா சாதிக்கைப் பார்க்கவில்லை.

அவர் இடக்கையால் வலக்கையைத் தூக்கினார், யாரோ தைக்கக் கொடுத்துவிட்டுப் போன துணியைப்போல.

"சிஸ்டர், அதுவரைக்கும் இத எங்கங்க வெக்கறது?"