ஆகஸ்ட் மாதத்துப் பனி

வாளிக்குள் எட்டிப் பார்த்த ஆர்டிஸ் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

பனி. ஐஸ் ஹாக்கி அரங்கத்தில் தரையைச் சுரண்டும் வண்டி பின்வாசலில் கொட்டும் சாம்பல் நிறக் குவியலிலிருந்து அள்ளியது. ரத்தம் காய்ந்த பிளாஸ்திரி ஒன்று சுருண்டு கிடந்தது. யாரோ மென்று துப்பிய புகையிலை பழுப்பாகக் கசிந்திருந்தது.

"தரையில பனி கெடந்தாத்தானே குளிர்காலக் கதை சொல்லலாம்? இந்தா, கெடக்குது." அவளுடைய அத்தை மகன் ராய்ஸ், பள்ளி உடற்பயிற்சிக் கூடத்தில் காற்றடைத்து நிறுத்தியிருந்த, உள்ளே விண்மீன்களைக் காட்டும் வானக் கூடாரத்தின் வாசலில் அதைக் கொட்டிக் காலால் பரப்பினான்.

இருவரும் ஒரே குழு. ஒரு வண்டியில் இந்தக் கூடாரத்தை ஏற்றிக்கொண்டு பள்ளி பள்ளியாகப் போவார்கள். அவள் வானியல் நடத்துவாள். அதே விண்மீன்களைத் தங்கள் அனிஷினாபே பழங்குடி மக்கள் எப்படிப் பார்த்தார்கள் என்பதை அவன் காட்டுவான். கோடையில் கதைக்கு மட்டும் இடமில்லை; தரையில் பனி கிடக்கும்போதுதான் சொல்ல வேண்டும், மீறினால் ராத்திரி படுக்கைக்குத் தவளை வரும் என்பது அவர்கள் வழக்கு. ஆனால் இன்று வரும் நகரத்து அறக்கட்டளைக்காரர்கள், ஓஜீக் என்ற விலங்கு வானத்தைக் கிழித்துக் கோடையைக் கொண்டுவந்த கதையைத்தான் கேட்டிருந்தார்கள். அது முழுதாகத் தெரிந்தவள் ஆர்டிஸ்.

"யாரை ஏமாத்துற மச்சான்?"

"அவங்க கைவிட்டா அடுத்த வருஷம் நம்ம வண்டி ஓடாது புள்ள. ஒரே ஒரு கதை. ராத்திரி தவளை உன் படுக்கைக்கு வந்தா ஆள் அனுப்பு, வந்து வெரட்டுறேன்."

"நீ வர்றதுக்குத் தவளையே தேவலை."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. பனி பனிதானே என்று ஒரு கணம் அவள் மனமும் கணக்குப் போட்டிருந்தது. அழுக்கு அங்கேதான் ஒட்டியிருந்தது.

வந்தவர்கள் வாசலிலேயே நின்றுவிட்டார்கள். தலைவி மார்கிட் நெஞ்சில் கைவைத்தாள். "பனி! இது சடங்குங்களா?"

"ஆமாம்மா," என்றான் ராய்ஸ், கூசாமல்.

எல்லோரும் ஆர்டிஸைப் பார்த்தார்கள்.

"நெசமான பனின்னா நாங்க மேப்பிள் மரத்துப் பாகு ஊத்தித் திம்போம்," என்றாள். "மச்சான், மொதல்ல நீ ஒரு கை அள்ளி வாயில போடு. அப்புறம் கதை."

ராய்ஸின் முகம் செத்துப்போனது. அதற்குள் மார்கிட் மண்டியிட்டு, பிரசாதம்போல இரு கைகளாலும் அள்ளிவிட்டாள். பின்னால் நின்றவர்களும் குனிந்தார்கள். விரலிடுக்கில் பழுப்பு நீர் சொட்டியது. கை வாயை நோக்கி உயர்ந்தது.

ஆர்டிஸ் வாய் திறக்கவில்லை.

"வேணாம்மா!" ராய்ஸ் அலறினான். "அது பனியில்ல!"

"பின்னே என்ன?"

அவன் தரையைப் பார்த்தான். "ஹாக்கி அரங்கத்துக் குப்பை."

கைகழுவப் போனவர்கள் திரும்பி வரவில்லை. வெளியே அவர்கள் கார்கள் கிளம்பும் சத்தம் கேட்டது. ராய்ஸ் துடைப்பத்தால் தண்ணீரைத் தள்ளிக்கொண்டிருந்தான்.

"நான் கத்தலேன்னா தின்னிருப்பாங்க புள்ள. நீ பாத்துக்கிட்டே நின்னே."

"தின்னட்டும்னுதான் நின்னேன்."

சொன்னபிறகு, அவளுக்குத் தன் வாயைக் கழுவ வேண்டும்போலிருந்தது.