உறுப்பினர் எண் 4118

பேகம்பேட்டில் ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடிக்கு, போன பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, செத்துப்போன நாற்பத்தொரு அமெரிக்கத் தொழிலாளர்கள் வந்து உட்கார்ந்தார்கள். அடையாள அட்டை இல்லாத ஈயைக்கூட உள்ளே விடாத காவலாளி குணசேகரன் பார்வையாளர் பதிவேட்டை நீட்டினார். தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வரிசையில் நின்று பெயரெழுதினார்கள். வந்த காரணம் என்ற கட்டத்தில் அத்தனை பேரும் ‘உட்கார’ என்றே எழுதியிருந்தார்கள்.

எதனால் வந்தார்கள் என்பது மெட்டில்டாவுக்குத் தெரியும். மாரெட்பள்ளியிலிருந்து பதினேழு வருடமாக அங்கே வெளிநாட்டு ஆவணங்களைத் தட்டச்சு செய்யும் வேலைக்கு வருகிறவள். அமெரிக்காவின் ஒஹையோவில் எப்போதோ மூடிப்போன டயர் ஆலையொன்றின் சங்க உறுப்பினர் அட்டைகளை, 1936ஆம் வருடத்தவை, கணினியில் ஏற்றிக்கொண்டிருந்தாள். புதுப் பெட்டியைத் திறந்ததும் ஒரு மாதிரிப் பதிவு போட்டுப் பார்ப்பது வழக்கம். கண்ணில் படுகிறவர் பெயரை அடிப்பார்கள், உடனே அழிப்பார்கள். அதற்கு முந்தின வாரம் அப்படித் துடைப்பத்தோடு கடந்துபோனவள் யாதம்மா. மெட்டில்டா அவள் பெயரை அடித்து, வேலை ‘பெருக்குவது’ என்று போட்டாள். இயந்திரம் 4118 என்று உறுப்பினர் எண் கொடுத்தது. அழிக்க மறந்துவிட்டாள். அந்தச் சங்கமோ ஃபிட்டருக்கு ஒன்று, கூலிக்கு ஒன்று என்று பிரித்து வைக்காத சங்கம். கதவுக்குள் வந்தவர் எல்லாரும் ஒன்று. ஒருவரை வெளியே தள்ளினால் மற்றவர்கள் வேலையை நிறுத்திவிட்டு இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிடுவார்கள்.

அவர்கள் வருவதற்கு முந்தின நாள், திங்கட்கிழமை, யாதம்மா முட்டிவலி தாங்காமல் காலி நாற்காலி ஒன்றில் பத்து நிமிடம் உட்கார்ந்தாள். பெருக்குகிறவர்கள் நாற்காலியில் உட்காரக்கூடாது என்று எங்கும் எழுதியிருக்கவில்லை. எழுதாமலே எல்லாருக்கும் தெரியும். மேலாளர் விஸ்வநாத் அப்போதே அவளை வேலையிலிருந்து நிறுத்தினார். மெட்டில்டா பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். அடுத்த அட்டையை எடுத்து அடித்தாள்.

வந்தவர்கள் யாருக்கும் தொந்தரவு தரவில்லை. ரப்பர் வாடையோடு சீட்டாடினார்கள். போலீஸ் வந்து, செத்தவர்களை அப்புறப்படுத்த எந்தச் சட்டப்பிரிவும் இல்லையென்று டீ குடித்துவிட்டுப் போனது. நாற்காலியில்லாமல் வேலை நின்றது. மெட்டில்டாவுக்கு மட்டும் இருப்புக் கொள்ளவில்லை. ஜன்னலுக்குப் போவாள், தண்ணீர் பிடிப்பாள், குடிக்காமல் கொட்டுவாள், மறுபடி ஜன்னலுக்குப் போவாள்.

வியாழக்கிழமை விஸ்வநாத் கூப்பிட்டார். “யாதம்மா பேர்ல இருக்கறது உங்க பதிவுதானே மெட்டில்டா? டெலீட் பண்ணிடுங்கோ, எல்லாரும் எழுந்து போயிடுவா. ஏப்ரல்ல டீம் லீட் நீங்கதான்.”

“பண்ணலேன்னா சார்?”

“யார் தப்புன்னு மேல கேப்பா. நான் உங்க பேரைத்தான் சொல்லணும்.”

கணவர் ஜோசியாவுக்கு ஒரு வருடமாக வேலையில்லை. மகள் ஆனிக்குக் கடைசி வருடப் படிப்பு. இவள் சம்பளம் நின்றால் வீட்டில் அடுப்பெரியாது. பதிவைத் திறந்து விரலை விசையின்மேல் வைத்தாள். நாற்பத்தொரு பேரில் ஒருவர்கூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் கோபப்பட்டாவது அழித்திருப்பாள். முன்பின் தெரியாத ஒருத்திக்காகக் கல்லறையிலிருந்து கிளம்பி வந்திருக்கிறார்கள். தினமும் தன் மேஜையைத் துடைத்தவளுக்காக மெட்டில்டா ஒரு வார்த்தை சொல்லவில்லை. வெட்கம் பிடுங்கித் தின்றது.

விரலை எடுத்தாள். புதுப் பதிவைத் திறந்து மெட்டில்டா ஜோசியா என்று அடித்தாள். வேலை: தட்டச்சு. சேமித்துவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தாள். பக்கத்து மேஜைக்காரி எட்டிப் பார்த்தாள், தன் பெயரை அடித்தாள், அவளும் உட்கார்ந்தாள். மதியத்துக்குள் அந்த மாடியே சங்கத்தில் சேர்ந்துவிட்டது. குணசேகரன் மூச்சிரைக்கப் படியேறி வந்தார்.

“மேடம், நம்ம பேரையும் போடுங்க. இனிஷியல் வேணுமா?”

நிர்வாகம் இறங்கி வந்தது. அடுத்த திங்கட்கிழமை யாதம்மா மறுபடி வேலைக்கு வந்தாள். டீம் லீட் பதவி வேறொருவருக்குப் போயிற்று. மெட்டில்டா ஒரு வாரம் அழுதாள், பிறகு விட்டுவிட்டாள். அமெரிக்கர்கள் திரும்பிப் போகவில்லை. நிர்வாகம் நாற்பத்தொரு நாற்காலிகள் கூடுதலாக வாங்கிப் போட்டது. பத்து மணிக்கு யாதம்மா துடைப்பத்தை நீட்டி, “காள்ளு எத்தண்டி” என்று தெலுங்கில் அதட்டுவாள். எண்பத்திரண்டு பூட்ஸ் கால்கள் ஒன்றாக மேலே போகும். மெட்டில்டாவும் தூக்கிக்கொள்வாள்.