மூன்று நட்சத்திரம் தெரியும்வரை

என் வீட்டுக்காரர் யெராக்மியேலுக்குக் கவலைப்படவே தெரியாது. பஸ் கண்முன்னே கிளம்பிப் போனால், "அது நமக்குன்னு வந்த பஸ் இல்ல" என்று சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். பஸ்ஸைப் பிடிக்க ஓடியவள் நான், மூச்சிரைக்க நிற்பவள் நான், இவர் சாவகாசமாக நடந்து வந்து தத்துவம் பேசுவார். மழைக்காலத்தில் நான் பையில் இரண்டு குடை வைத்திருப்பேன். "ஒரு குடைக்குள்ள ஆண்டவர் உன்னைக் காப்பாத்த மாட்டாரா?" என்று அதையும் கிண்டல் செய்வார்.

ஜெருசலேமில், எங்கள் சந்தின் யூத ஜெபக்கூடத்தில், ஒவ்வொரு சனிக்கிழமை ஓய்வுநாள் பிற்பகலும் பன்னிரண்டு பேருக்கு அவர் பாடம் சொல்வார். எப்போதும் ஒரே பாடம்தான்: ஆண்டவரை நம்புவது. மனுஷன் தன் பங்கைச் செய்துவிட வேண்டும், பிறகு கவலையை இறக்கி வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான் விஷயம். அதையே முப்பது வருஷம் விதவிதமாகச் சொன்னார். வீட்டுக்கு வந்து என்னைப் பார்த்ததும், "பன்னிரண்டு பேர் திருந்திட்டாங்க, ஒருத்திதான் பாக்கி" என்பார். எங்கள் தெருவில் கல்யாணமான பெண்கள் சொந்த முடியை மறைக்கப் போடும் விக்குகளைக் கழுவிச் சுருட்டிக் கொடுப்பது என் வேலை. கை ஈரமாக இருக்கும், அதனால் அடிக்காமல் விட்டுவிடுவேன்.

அன்று கோடைக்கால ஓய்வுநாள். மூன்றாம் வேளைச் சாப்பாட்டுக்கு மீனும் ரொட்டியும் எடுத்து வைத்திருந்தேன். வழக்கத்தைவிட முன்னதாகவே, ஆறேகாலுக்கு வந்தார். கை கழுவவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து நெஞ்சைத் தடவினார். சட்டைக் காலர் நனைந்திருந்தது.

"என்னங்க ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. மத்தியானம் தின்னது செரிக்கல. இடது கை வேற கொஞ்சம் வலிக்குது."

"போன் பண்ணட்டுமா?"

"ஓய்வுநாள்டி. எட்டேகாலுக்கு மூணு நட்சத்திரம் தெரிஞ்சு ஓய்வுநாள் முடிஞ்சுடும். அப்ப பண்ணிக்கலாம்."

"உயிருக்கு ஆபத்துன்னா பண்ணலாமே."

"யாரு உயிருக்கு இப்ப ஆபத்து? தெருவுக்குள்ள வண்டி ஊளையிட்டுட்டு வரணும், அத்தனை பேரும் பால்கனில நின்னு பார்க்கணும், கடைசில வாயுன்னு சொல்லி அனுப்பணும். இதுக்கா ஓய்வுநாளை உடைக்கிறது?" பிறகு என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தார். "முப்பத்தாறு வருஷமா சொல்றேன். ஒரு நாளாவது நம்பேன்டி."

சட்டம் எனக்குத் தெரியும். எங்கள் பெண் குழந்தைகளுக்குப் பத்து வயதிலேயே சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். உயிர் காக்க ஓய்வுநாளை மீறலாம் என்றல்ல, மீறியே ஆகவேண்டும் என்று. ஆபத்தோ என்று சந்தேகம் வந்தாலே போதும். அவருக்கும் தெரியும். என்னைவிட நன்றாகத் தெரியும்.

போன் சமையலறை அலமாரியில், எனக்கு நான்கு எட்டுத் தூரத்தில் இருந்தது. நான் அவர் எதிரில் உட்கார்ந்தேன். தண்ணீர் கொடுத்தேன். ஒரு நாளாவது நம்பிப் பார்ப்போமே என்று இருந்தேன். சொன்னால் வெட்கமாக இருக்கிறது, அந்த இருபத்தைந்து நிமிஷம் என் மனசு நிம்மதியாகவே இருந்தது.

ஆறு நாற்பதுக்கு அவர் உதடு நிறம் மாறியது. நான் எழுந்தேன். எழுந்தவள் அலமாரிக்குப் போகவில்லை. கதவைத் திறந்து மூன்று மாடி இறங்கினேன், எங்கள் மதகுருவான ரப்பியிடம் கேட்பதற்கு. ஐம்பத்தெட்டு வயதுவரை எதையும் கேட்டுக் கேட்டே செய்து பழகிய கால், அது பாட்டுக்கு இறங்கியது.

கீழ்வீட்டு ரப்பி ஷ்ராகாவுக்கு முப்பத்து நான்கு வயதுதான். எங்கள் சந்துக்கு ரப்பியாக வந்து மூன்று வருஷம் ஆகிறது. குழந்தைகளோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"ரப்பி, அவருக்கு நெஞ்சு வலிக்குது. கையும் வலிக்குதாம். ஓய்வுநாள்ல போன் பண்ணலாமான்னு..."

"கேக்கவா வந்தீங்க?" என்று கத்தினார். அவர் கத்தி நான் கேட்டதில்லை. "இதைக் கேக்கவா மூணு மாடி இறங்கி வந்தீங்க? அங்கேயே பண்ணியிருக்க வேண்டாமா?" கத்திக்கொண்டே தன் வீட்டுப் போனை எடுத்து, குழந்தைகள் பார்த்துக்கொண்டிருக்க, தானே எண்ணை அழுத்தினார். முகவரி சொன்னார். போனைப் போட்டுவிட்டு எனக்கு முன்னால் படி ஏறி ஓடினார்.

முதலுதவித் தொண்டர்கள் மோட்டார் சைக்கிளில் நான்கு நிமிஷத்தில் வந்தார்கள். ஆம்புலன்ஸ் வண்டி அதற்குப் பின்னால் வந்தது. நானும் ஏறிக்கொண்டேன். தெரு முழுக்கப் பால்கனியில் நின்றது, அவர் சொன்னபடியே.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர், எப்போது வலி ஆரம்பித்தது என்று கேட்டார். ஆறேகால் என்றேன். எப்போது போன் செய்தீர்கள் என்றார். ஆறே முக்கால் என்றேன். எழுதிக்கொண்டார். வேறு எதுவும் சொல்லவில்லை. இரண்டு வார்த்தை திட்டியிருந்தால் தேவலாம் என்று இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் போய்விட்டார். அன்று மதியமே அடக்கம். துக்கத்தின் அடையாளமாக என் சட்டைக் கழுத்தில் கத்தி வைத்துக் கீறினார்கள், மீதியை நானே கிழித்தேன். உண்மையான நீதிபதியான ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் என்று சொல்லச் சொன்னார்கள், தடுமாறாமல் சொன்னேன். வாய் சொன்னது. ஒரு துளி கண்ணீர் வரவில்லை.

பிறகு ஏழு நாள் துக்கம். வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது, கண்ணாடிகளைத் துணி போட்டு மூடியிருந்தார்கள். நான் முழங்கால் உயர முக்காலியில், செருப்பில்லாமல் உட்கார்ந்திருந்தேன். துக்கத்தில் இருப்பவர் வாய் திறக்கும்வரை, வந்தவர்கள் பேச்சைத் தொடங்கக் கூடாது என்பது எங்கள் வழக்கம். நான் வாய் திறக்கவில்லை. வந்தார்கள், உட்கார்ந்தார்கள், பெருமூச்சு விட்டார்கள், சீயோனில் துக்கப்படுகிறவர்களோடு உன்னையும் ஆண்டவர் தேற்றுவாராக என்று சொல்லிவிட்டு எழுந்து போனார்கள். அடுத்த கும்பல் வந்தது. பக்கத்து வீட்டில் அவித்துக் கொடுத்த முட்டையைத் தின்றேன். முட்டை என்று தெரிந்தது, ருசி தெரியவில்லை.

"அம்மா, ஏதாவது பேசும்மா" என்று என் மகள் மிரெல் காதுக்குள் கெஞ்சினாள். "பாவம், ஒரு மணி நேரமா சுவத்தைப் பார்த்துட்டு உக்காந்திருக்காங்க."

எனக்கு வலிக்கவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. ரப்பி ஷ்ராகா தினமும் வந்தார். கதவோரம் உட்கார்ந்து, என் முகத்தைப் பார்க்காமல், அந்தச் சீயோன் வாக்கியத்தைச் சொல்லிவிட்டுப் போனார்.

இதற்குள் தெரு தனக்கு வேண்டிய கதையைக் கட்டிவிட்டது. நட்சத்திரம் வரட்டும் என்று அவர் சொன்னதை நான் ஆஸ்பத்திரியில் மிரெலிடம் சொல்லியிருந்தேன். அவள் அதை அழுகையும் பெருமையுமாக நாலு பேரிடம் சொல்லிவிட்டாள். நாலு பேர் நானூறு பேரிடம் சொன்னார்கள். நான் கீழே இறங்கிப் போய்க் கேட்டது அந்தக் கதையில் இல்லை, உட்கார்ந்திருந்த இருபத்தைந்து நிமிஷமும் இல்லை. உயிரே போனாலும் ஓய்வுநாளைத் தொடாத மனிதர், கடைசி மூச்சுவரை நம்பியவர், அவ்வளவுதான். கேட்டுக்கொண்டு முக்காலியில் இருந்தேன். நல்ல பெயர்தானே, இருந்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

வியாழக்கிழமை மாலை எதிர்வீட்டு ஹென்யா வந்தாள். நல்லவள்தான், வாய்க்குத்தான் பூட்டு கிடையாது. என்னிடம் பேச்சைத் தொடங்கக் கூடாதே, அதனால் மிரெல் பக்கம் திரும்பிக்கொண்டு, எனக்கு நன்றாகக் கேட்கும்படி பேசினாள்.

"எங்க வீட்டுக்காரருக்கு நாலு நாளா உங்கப்பா புராணம்தான் மிரெல். இவரே ஏற்கெனவே ரெண்டு தடவை நெஞ்சுவலி வந்த மனுஷன். நேத்து என்கிட்ட சத்தியம் வாங்கிட்டார். ஓய்வுநாள்ல எனக்கு ஏதாவது வந்தா, நீ போனைத் தொடக் கூடாது, யெராக்மியேல் மாதிரி நட்சத்திரம் பார்த்துட்டுத்தான் கூப்பிடணும்னு. என்ன நம்பிக்கை பாரேன்! எனக்குப் புல்லரிச்சுப் போச்சு."

கூடத்தில் பதினைந்து பேராவது இருந்திருப்பார்கள். எல்லோரும் தலையாட்டினார்கள்.

"சத்தியத்தைத் திருப்பி வாங்கிடு" என்றேன்.

ஐந்து நாளாகப் பேசாத தொண்டை, குரல் கரகரவென்று வந்தது. ஹென்யா திடுக்கிட்டு என்னைப் பார்த்தாள்.

"என்னக்கா?"

"உன் புருஷனுக்குப் பண்ணிக் குடுத்த சத்தியத்தை இன்னிக்கே திருப்பி வாங்கிடுன்னு சொல்றேன். எங்க வீட்ல நடந்தது நம்பிக்கை இல்ல. போன் அலமாரில இருந்துது. இருபத்தஞ்சு நிமிஷம் நான் அவர் மூஞ்சியைப் பார்த்துட்டு உக்காந்திருந்தேன்."

"அம்மா!" என்றாள் மிரெல். "போதும். அவருக்குன்னு எழுதி வச்ச நேரம் அவ்வளவுதான்."

"எழுதி வச்சவருக்கு அது தெரியும். எனக்குத் தெரியுமா? என் வேலை போனை எடுக்கறது. எடுக்கல."

கதவோரத்திலிருந்து ரப்பி எழுந்தார். முகம் வெளிறியிருந்தது.

"தப்பு உங்க மேல இல்லம்மா" என்றார். "அன்னிக்கு நான் உங்ககிட்ட கத்தியிருக்கவே கூடாது. இந்த மாதிரி நேரத்துல ஒருத்தர் ஓடி வந்து கேக்கறார்னா, அங்க இருக்கற ரப்பிதான் வெட்கப்படணும்னு பெரியவங்க எழுதியிருக்காங்க. ஏன்னா கேக்க வேண்டாம்னு அவன் முன்னாடியே ஊருக்குச் சொல்லியிருக்கணும். மூணு வருஷத்துல நான் ஒரு தடவைகூட சொல்லல. உங்களுக்குத் தெரியாம..."

"எனக்குத் தெரியும் ரப்பி. என்னைத் தெரியாதவளா ஆக்காதீங்க." எனக்குக் கோபம் கூட வரவில்லை, தட்டையாகத்தான் சொன்னேன். "முப்பத்தாறு வருஷமா என்னை நம்பிக்கை இல்லாதவன்னு சொன்னார். அன்னிக்கு ஒரே ஒரு நாள், நம்பறவளா இருந்து அவருக்குக் காட்டணும்னு தோணிச்சு. அதான் உக்காந்தேன். அது ஆண்டவரை நம்பினது இல்ல. புருஷன்கிட்ட நல்ல பேர் வாங்கப் பார்த்தது."

ரப்பி என் முக்காலி அருகே வந்து நின்றார்.

"ஓய்வுநாள் அன்னிக்கு ஜெபக்கூடத்துல நான் பேசணும்" என்றார். "பேர் சொல்லாம பேசறேன்."

"பேரைச் சொல்லியே பேசுங்க. பேர் சொல்லாம பேசினா இந்தத் தெருவுல எல்லாரும் பக்கத்து வீட்டுக்காரியை நினைச்சுப்பாங்க."

"அப்பா பேர் என்ன ஆகும்?" மிரெல் அழ ஆரம்பித்தாள். "அஞ்சு நாளா ஊரே அவரைக் கொண்டாடுது. அதையும் பிடுங்கணுமாம்மா உனக்கு?"

அவள் கேட்டது நியாயம்தான். அவருக்கு மிச்சமிருந்தது அந்தப் பெயர் ஒன்றுதான். "உங்கப்பா சொன்ன பாடத்துல முதல் பாதி, மனுஷன் தன் பங்கைச் செய்யணும்ங்கறது" என்றேன். "அன்னிக்கு அவர் அதை மறந்துட்டார், நானும் மறந்துட்டேன். முழுப் பாடமும் தெருவுக்குப் போகட்டும். அதுவும் அவர் சொன்னதுதான்." மிரெல் உள்ளே போய்விட்டாள். வெள்ளிக்கிழமை முழுவதும் என்னோடு பேசவில்லை.

ஓய்வுநாள் காலையோடு ஏழு நாள் முடிந்தது. செருப்புப் போட்டுக்கொண்டு ஜெபக்கூடத்துக்குப் போய், பெண்கள் பகுதியில் திரைக்குப் பின்னால் உட்கார்ந்தேன். ரப்பி பேசினார். தன் பெயரைத்தான் முதலில் சொன்னார், பிறகு எங்கள் இருவர் பெயரையும் சொன்னார். "இனிமே யாராவது இதைக் கேக்க என் வீட்டுப் படி ஏறினா, கதவைத் திறக்க மாட்டேன். அந்த நேரத்துல போன் பண்ணுங்க" என்றார். என் பக்கத்தில் இருந்தவள் சற்று நகர்ந்து உட்கார்ந்தாள். நகரட்டும் என்று இருந்தேன்.

அன்று பிற்பகல் நாலு மணிக்குத் தெருவுக்குள் வண்டி ஊளையிட்டுக்கொண்டு வந்தது. பால்கனிக்குப் போனேன். எதிர்வீட்டிலிருந்து ஹென்யாவின் கணவரை, பெல்ட்டைத் தளர்த்திவிட்ட மேனிக்கு, நாற்காலியில் வைத்துத் தூக்கி வந்தார்கள். மனிதர் வெட்கத்தில் தொப்பியால் முகத்தை மறைத்துக்கொண்டிருந்தார். ஹென்யா பின்னாலேயே ஓடி வண்டியில் ஏறினாள். தெரு முழுக்கப் பார்த்துக்கொண்டு நின்றது.

நட்சத்திரம் தெரிந்து அரை மணி கழித்து ஹென்யா மேலே வந்தாள். மூச்சு வாங்கியது, சிரிப்பும் வந்தது.

"வாயுவாம்க்கா! வெறும் வாயு! ஓய்வுநாளுக்குன்னு ராத்திரி முழுக்க அடுப்புல இருந்த பீன்ஸும் உருளைக்கிழங்கும் மூணு தட்டு தின்னா வேற என்ன வரும்? மானமே போச்சு. டாக்டர் மாத்திரை குடுத்து அனுப்பிட்டான். இவர் என்னைத் திட்டறார், எதுக்குடி போன் பண்ணினேன்னு. நல்லா திட்டட்டும்னு..." என் முகத்தைப் பார்த்ததும் அவள் சிரிப்பு நின்றுவிட்டது. "அக்கா, நான் ஒரு மடச்சி. மன்னிச்சுக்கக்கா."

எனக்கு அவள்மேல் பொறாமையாக இருந்தது. அவள் கணவர் எதிர்வீட்டில் திட்டுகிற சத்தம் இங்கே வரை கேட்டது.

"அடுத்த வாரமும் அவருக்கு வலிச்சா போன் பண்ணு" என்றேன். "வாயுவா இருந்தாலும் பண்ணு. தெரு சிரிச்சாலும் பண்ணு."

"பண்றேன்க்கா" என்றாள்.

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது.